கேரித் தீவு ஜீவன்

என் பெரியப்பா பேசில் பொறாமைப்படுவதற்கு ஆள் வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுச் செம்பருத்தி நாலு பூ கூடுதலாகப் பூத்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் கொடுக்கிற சுவர்க் கடிகாரத்தைத்தான் அவருக்கும் கொடுத்தார்கள். ஆனால் அவரோடு ஓய்வு பெற்ற ரேமண்ட் அங்கிளின் கடிகாரத்தில் பெண்டுலம் இருந்ததாம். அந்தப் பெண்டுலம் இன்றுவரை பெரியப்பாவின் நெஞ்சுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது.

நான் வனேசா. ஐந்தாம் படிவத்தை முடிக்காமல் பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறேன். தங்கியிருப்பது பெரியப்பா வீட்டில். அவருடைய பொறாமைகளுக்கு நான்தான் முதல் வரிசை ரசிகை.

இந்தக் கதை ரேமண்ட் அங்கிளிடமிருந்துதான் தொடங்கியது. எழுபத்தொன்பதில் ரயில்வே காற்பந்து அணி இறுதியாட்டத்தில் தோற்றது என்று அவர் சாப்பாட்டுக் கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். ஜெயித்தது என்பது பெரியப்பாவின் கட்சி. எங்கே போய்ச் சாட்சி தேடுவது? நான்தான் ஓர் இணையத்தளத்தைத் திறந்து காட்டினேன். பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல் வந்த பக்கங்களெல்லாம் வந்து நிற்கும்.

ரயில்வே அணி தோற்றுத்தான் இருந்தது. மூன்று கோல். பெரியப்பா அந்தப் பக்கத்தை அவசரமாக மூடினார். "இத ரேமண்ட்கிட்ட சொன்ன, தோல உரிச்சிருவேன்" என்றார். பிறகு மனதைத் தேற்றிக்கொள்ளவோ என்னவோ, பெரியம்மாவின் பெயரைத் தட்டினார். வெரோனிகா. ஒன்றும் வரவில்லை.

அந்தப் பக்கங்களை வாசித்து எழுத்தாக்கியது மனிதர் இல்லை, எந்திரம். அச்சு மங்கிய இடத்தில் அது துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். பள்ளியில் நானும் அப்படித்தான் எழுதுவேன், அதனால் அதன் மூளை எனக்குப் புரிந்தது. 'வெரோனிகர' என்று தட்டினேன். பக்கங்கள் கொட்டின.

"மெஷினும் உன்ன மாதிரியே ஃபெயில் போல" என்றார் பெரியப்பா.

எல்லாமே ஞாயிறு இதழின் வாசகர் பக்கம். எழுதியவர், கிள்ளான் வெரோனிகா. கல்யாணத்துக்கு முன்னால் பெரியம்மா கிள்ளானில்தான் இருந்தார். அவர் கவிதை எழுதுவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

*கடைசிப் பேருந்தும் போய்விட்டது.*
*அதன் கண்ணாடியில் என் முகம் மட்டும்*
*இறங்காமல் போகிறது.*

"நம்ம வெரோனிகாவா?" என்றார். முகம் மலர்ந்தது. அடுத்த வாரத்துப் பக்கத்தைத் திறக்கும்வரைதான் அந்த மலர்ச்சி. அங்கே ஒரு வாசகர் கடிதம் இருந்தது.

'சென்ற வாரம் கிள்ளான் வெரோனிகா எழுதிய பேருந்துக் கவிதை நெஞ்சைத் தொட்டது. அவர் தொடர்ந்து எழுத வேண்டும். – கேரித் தீவு ஜீவன்.'

பெரியப்பா அதை இரண்டு தரம் படித்தார். "யாருடி இவன்?"

அந்தக் காலத்தில் ஊர்ப்பெயரை முன்னால் மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் பேப்பரில் எழுதினார்கள். ஆனால் இந்த ஜீவன் வேறு ரகம். பெரியம்மா எழுதினால் மறுவாரம் அவன் பாராட்டினான். வேறு யார் எழுதினாலும் வாயே திறக்கவில்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் சரியான விடை எழுதியவர்கள் என்று பெயர் போட்டால், அங்கேயும் கிள்ளான் வெரோனிகாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றான். கடைசியாக எண்பத்தைந்தாம் வருடத்துப் பக்கம் ஒன்று வந்தது. அப்போது பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்.

'கிள்ளான் வெரோனிகாவைக் கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் காணவில்லையே. எங்கே போனார்? – கேரித் தீவு ஜீவன்.'

"கல்யாணம் ஆன பிறகும் தேடியிருக்கான்!" பெரியப்பாவின் காது சிவந்துவிட்டது. "அடுத்தவன் பொண்டாட்டிய, பேப்பர்ல, பப்ளிக்கா!"

"ரேமண்ட் அங்கிள விட்டுட்டு இனிமே இவன்தானா?" என்றேன்.

"வாய மூடு."

என்னால் மூட முடியுமா? வீட்டு வைஃபையின் பெயரைக் 'கேரித் தீவு ஜீவன்' என்று மாற்றி, பெரியம்மாவின் கைப்பேசியையும் அதில் சேர்த்து வைத்தேன். மறுநாள் பெரியம்மா சமையலறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கேரித் தீவு ஜீவன், இணைக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் சிரிக்கத் தயாராக இருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. சிக்கல் என்னவென்றால், வாசலில் நின்ற பெரியப்பாவும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவர்கள் இருவரும் பலிபீடத்தின் முன் நின்று திருமண உறுதிமொழியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நாற்பதாவது ஆண்டு. புதுச் சேலை, கேக், விருந்து எல்லாம் சொல்லியாயிற்று. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன் யாருன்னு தெரியாம நான் கோயில்ல போய் நிக்க மாட்டேன். சாட்டர்டே லீவு போடு. கேரித் தீவு போறோம்."

பழைய கன்சில் காரில் கிள்ளானைத் தாண்டி, தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, பாலம் ஏறி இறங்கினோம். வழி முழுக்க அவர் ஜீவனைத் தயாரித்துக்கொண்டே வந்தார். நல்ல உயரமாக இருப்பான். மீசை இருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெரியப்பாவின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட் முனையில் சாலையோரமாக ஓர் ஒட்டுக்கடை. ஐஸ் காப்பி கலக்கிக்கொண்டிருந்தவர் பெயர் வேலாயுதம். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர்.

"அண்ணே, இங்க ஜீவன்னு ஒருத்தர்..."

"இருக்கானே லா. இப்பத்தான் மிட்டாய் வாங்கிட்டுப் போனான். ஸ்டாண்டர்ட் டூ."

"அவன் இல்லண்ணே. பழைய ஆளு. பேப்பர்ல எழுதுவான்."

"எஸ்டேட்ல எழுதுற ஆளுன்னா ஆபீஸ் கிராணி ஒருத்தர்தான் பாஸ். அவரும் கணக்குத்தான் எழுதுவாரு."

பெரியப்பா கைப்பேசியை நீட்டினார். குறுக்கெழுத்தில் ஜீவனுக்கு ஒருமுறை பரிசு விழுந்திருந்தது, முகவரியோடு போட்டிருந்தார்கள். வேலாயுதம் திரையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இது மலர் அக்கா வீட்டு நம்பரு. அவங்க போய்ச் சேந்து வருஷமாச்சு. தனிக்கட்டை. அந்த வீட்டுல ஆம்பள செருப்பே கிடந்ததில்ல. ஸ்கூல் லீவுக்கு கிள்ளான்லருந்து அவங்க அக்கா மக வரும். சண்டே பேப்பர் வர்ற வரைக்கும் இங்கயேதான் நிக்கும். வந்ததும் புடுங்கிட்டு ஓடும். பேரு என்னமோ..."

"வெரோனிகா" என்றார் பெரியப்பா.

"ஆமா! தெரியுமா உங்களுக்கு?"

பெரியப்பா ஐஸ் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் காருக்குப் போனார். அவருடையதையும் சேர்த்து நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பெரியப்பா எதிரில் நின்றார்.

"ஜீவன் நீதானா?"

பெரியம்மா நிமிரவில்லை. "குறுக்கெழுத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு கூப்பன்தான்னு ரூல்ஸ். ரெண்டு அனுப்பணும்னா ரெண்டு ஆளு வேணும்ல. சின்னம்மா வீட்டு அட்ரஸ குடுத்தேன். ஜீவனுக்கு ஒரு குடைகூட விழுந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு சின்னம்மா வீட்டு விருந்துக்குப் போனப்ப மழை வந்துச்சே, நீங்க புடிச்சுக்கிட்டு வந்தது அவன் குடைதான்."

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பொறாமைப்பட்ட ஆளின் குடையில் நனையாமல் வந்தது அவருக்குச் செரிக்கவில்லை.

"கூப்பன் சரி. பாராட்டு எதுக்கு?"

"யாரும் பாராட்டல. அதான்."

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மாவும் சிரித்தார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் எழுதல? கல்யாணத்துக்கு அப்புறம்? காணோமேன்னு அவன் கேக்குறானே."

பெரியம்மா ஒரு காயை ஒடித்து, நாரை மெதுவாக இழுத்தார்.

"கல்யாணம் ஆகி ஒண்ணு எழுதினேன். வந்துச்சு. நீங்க பாப்பீங்கன்னு அந்தப் பக்கத்த விரிச்சு மேசை மேல வச்சிட்டு, குளிக்கப் போனேன். வந்து பாத்தா அது மேல கெம்போங் மீன் வெட்டிக்கிட்டு இருந்தீங்க. நல்லா வெட்டினீங்க. குழம்பும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் பாக்கலையே, வெரோனிகா."

"தெரியும். அதான் ஜீவன விட்டுக் கேக்கச் சொன்னேன். அந்த வாரமாச்சும் பாப்பீங்கன்னு."

எனக்கு ஒரு நக்கல் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. எழுந்து போய் வைஃபை பெயரைப் பழையபடி மாற்றினேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா அவரைக்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு காயைக்கூட ஒழுங்காக நார் எடுக்கத் தெரியாது அவருக்கு. ஒடித்துக்கொண்டே கேட்டார். "அவன் கேட்டதுக்கு நீ பதிலே போடலையா?"

"இல்ல."

"போட்டிருக்கலாம்ல. பாவம், நாப்பது வருஷமா நிக்கிறான்." இன்னொரு காயை எடுத்தார். "சரி, இப்ப நான் கேக்குறேன். எங்க போயிட்ட நீ?"

பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நார எடுத்துட்டு ஒடிங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கோயிலில் நின்றார். உறுதிமொழியைச் சாமியார் சொல்லி முடிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு சொன்னார். விருந்தில் ரேமண்ட் அங்கிளின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, கைப்பேசியில் பேருந்துக் கவிதையைக் காட்டினார்.

"யாரு எழுதினது?"

"என் பொண்டாட்டி. பேப்பர்ல வந்தது. உன் கடிகாரம் எந்தப் பேப்பர்லடா வந்துச்சு?"

ரேமண்ட் அங்கிள் கவிதையைப் படித்தார். பிறகு கேக் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கவிதையை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுச் செம்பருத்தி பூத்தால் எங்கள் வீட்டில் பார்க்கிற பார்வைதான். வேறொருவர் முகத்தில் அதைப் பார்ப்பதற்குப் பெரியப்பா வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தார். ஆனால் அது வந்து நின்றபோது அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவரும் பெரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் மீன் வெட்டுவதற்குப் பிளாஸ்டிக் பலகை வந்துவிட்டது. ஞாயிறு பேப்பரை எதற்கும் விரிப்பதற்கு முன் பெரியப்பா இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கிறார். பெரியம்மா இன்னும் எதுவும் அனுப்பவில்லை. பேனா மட்டும் வாங்கியிருக்கிறார்.

"வந்தா முதல் லெட்டர் நான்தான் போடுவேன்" என்கிறார் பெரியப்பா. "அந்தக் கேரித் தீவுப் பய இந்தத் தடவ முந்தக் கூடாது."