கேமராவுக்கு வைத்த பொட்டு

என் அப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்றுதான் எட்டு வயது வரைக்கும் நான் நினைத்திருந்தேன். நினைக்காமல் என்ன செய்வது? பக்கத்து வீட்டு லோரி டிரைவர் வேலை விட்டு வந்தால் முனையிலேயே ஹாரன் அடிப்பார். அவர் மகள் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். என் அப்பா வரும்போது அதே முனையிலிருந்து ஒரு சத்தம்தான் வரும்.

"கிட்ட வராத! உள்ள போ!"

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவர். முதுகில் பம்பு, கையில் குழாய், மூக்கில் துணி. வேலை விட்டு வந்தால் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். பின்பக்கக் குழாயடியில் அந்த மலைக்குளிரிலும் குளித்து, கைலி மாற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அவர் கழற்றிப் போட்ட சட்டையை அம்மா கையால் தொடமாட்டாள். குச்சியால் தூக்கித் தனி வாளியில் போடுவாள். குளித்து வந்தவர் சாப்பிட்டுவிட்டு இருமிக்கொண்டே தூங்கிப்போவார். அப்புறம் எங்கே மகளைக் கொஞ்சுவது?

அந்த வருஷம்தான் தானா ராத்தா டவுனிலிருந்து ஒரு மலாய்க்கார மிஸ் வந்தார். தோட்டமும் பிழைக்க வேண்டும், காட்டு உயிர்களும் பிழைக்க வேண்டும், அதற்கு வழி பார்ப்பதுதான் அவர் வேலையாம். எங்கள் மலைச்சரிவின் அடியில், ஓடையோரமாக ஒரு துண்டு காடு உண்டு. அந்த ஓரத்தில் கொஞ்சநாள் மருந்து அடிக்காமல் விட்டு, என்னென்ன திரும்பி வருகிறது என்று பார்க்கலாம் என்று மேனேஜரிடம் பேசி முடித்தார். உருப்படியாக ஏதாவது வந்தால் அந்தச் சரிவு முழுக்க இனிக் கையால்தான் களை எடுப்பது. வராவிட்டால் பழையபடி மருந்து.

தினம் காலையில் ஓடையோரம் நடந்து, என்னென்ன பறவை வந்திருக்கிறது என்று பார்த்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. மருந்து அடிக்க வேண்டாம் என்ற இடத்தில் மருந்து அடிக்கிறவர் சும்மாதானே இருப்பார்? அப்பாவைப் பிடித்துப் போட்டார்கள். காலையில் குருவி, வெயில் ஏறியதும் மற்ற இடங்களில் பம்பு. சோதனை நல்லபடியாக முடிந்தால் பம்பையே விட்டுவிட்டு முழுநேரமும் இந்த வேலைக்கு வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம். அப்பாவுக்கு அடையாளம் தெரிந்த பறவைகள் மொத்தம் இரண்டு. காக்கா, கோழி. மிஸ் கொடுத்த பறவைப் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"எல்லாம் ஒரே மாதிரிதான்லா இருக்கு" என்பார் பாவமாக.

இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று மிஸ் கேட்டால், பெரிய குருவி ஒன்று, சின்னக் குருவி ரெண்டு, சத்தம் போட்டுவிட்டு ஓடிய குருவி ஒன்று என்று மலாயில் பதில் வரும். அந்த மிஸ் பொறுமைசாலி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அப்படியில்லை. தோட்டத்தில் கிராணி என்றால் ஆபீஸில் உட்கார்ந்து பேர் பதிகிற மரியாதையான ஆள். அப்பாவுக்கு 'குருவி கிராணி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூட வேனில் நான் ஏறினாலே "குருவி கிராணி மக வந்துட்டா, எடம் விடுங்கடா" என்று ஒரே கூத்து. என் மானம் கப்பலேறியது. கொஞ்சாத அப்பாவால் எனக்கு இந்தக் கேவலம் வேறு!

மிஸ் ஓடையோரத்து மரமொன்றில் ஒரு கேமராப் பெட்டியையும் கட்டிவைத்திருந்தார். முன்னால் ஏதாவது அசைந்தால் தானாக விழித்து, சத்தத்தோடு படம் பிடிக்கும். அவர் காத்திருந்தது காட்டுப்பூனைக்காக. எலியும் தவளையும் பெருகி, அவற்றைத் தின்னப் பூனையும் வந்துவிட்டால் அந்த இடம் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தமாம். ஆனால் கேமராவில் விழுந்ததெல்லாம் அணில், லயத்து நாய், அப்பாவின் முழங்கால்.

"பூனை வந்துச்சா?" என்று அம்மா தினமும் கேட்பாள். நெத்திலி திருட வருகிற பூனையை விளக்குமாற்றால் விரட்டுகிறவள், கண்ணால் பார்க்காத பூனைக்காக ஏன் இப்படி உருகுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் கத்திரி முதல் லோரி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அம்மா அரிவாள்மனைக்கு வைத்தாள், என் பென்சில் டப்பாவுக்கும் வைத்தாள். பம்பு மூலையில் கிடந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டாள். சந்தனக் கிண்ணத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள்.

"இனிமே இதுதான்டி உங்கப்பா ஆயுதம்" என்று கேமராவைக் காட்டினாள்.

பெட்டியின் நடுவில் கண் மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் எது? சந்தனத்தைத் தாராளமாக எடுத்து அங்கேயே அப்பினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என் காலில் அட்டை ஏறியிருந்தது. அதோடு மல்லுக்கட்டியதில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

பூஜைக்குப் பிறகு கேமராவை யாரும் திறந்து பார்க்கவில்லை. சோதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டி மிஸ் எல்லாருக்கும் படம் காட்டினார். மேனேஜரும் வந்திருந்தார். தமிழ் தெரிந்தவர். அணில் ஓடியது, நாய் வந்தது. திடீரென்று துணி முழுக்க என் அம்மாவின் முகம்! மண்டபமே சிரித்தது. ஒரு விரல் நெருங்கி வந்தது. அவ்வளவுதான், எல்லாம் மஞ்சள். ஆனால் குரல் மட்டும் கேட்டது.

"ஆத்தா, ஒரு பூனைய அனுப்பி வை. அந்தப் பம்ப அவரு முதுகுலேருந்து எறக்கிப் போட்டுரு. ராத்திரியெல்லாம் இருமுறாரு. கேக்க முடியல ஆத்தா."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மேனேஜர் தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த படங்கள் எல்லாமே மஞ்சள். பாவம், மிஸ் அழாத குறை. "என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று அப்பா பல்லைக் கடித்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான், காய்ந்த சந்தனம் ஒரு மூலையில் உதிர்ந்து தெளிவான இடத்தில், என்னவோ ஒன்று மெல்லக் கடந்து போனது.

"வாலு!" அப்பா துள்ளி எழுந்தார். "புள்ளி வாலு! புள்ளி வாலு!"

மிஸ் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். காட்டுப்பூனையேதான். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காட்டு உயிரைச் சரியாக அடையாளம் சொல்லியிருந்தார். சந்தனம் வைத்ததால்தான் பூனை வந்தது என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். சரிவு முழுக்க மருந்தை நிறுத்தச் சொல்லி மேனேஜர் அங்கேயே உத்தரவு போட்டார். வாலுக்காகப் போட்டாரா, குரலுக்காகப் போட்டாரா, தெரியாது.

மறுநாள் அப்பா பம்பு இல்லாமல் வேலைக்குப் போனார். சாயங்காலம் முனையில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டதும், பழக்கதோஷத்தில் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏய், எங்க ஓடுற? வா இங்க."

குளிக்கவில்லை. சட்டையெல்லாம் சேறு, கால்சட்டையெல்லாம் ஒட்டுப்புல். அப்படியே குனிந்து என்னைத் தூக்கினார். தூக்குகிற வயதை நான் தாண்டியிருந்தேன். என் கால் அவர் முழங்கால்வரை தொங்கியது. அப்படியும் இறக்கிவிடவில்லை. அம்மா பின்னாலேயே வந்து, அவர் தோளில் இருந்த சேற்றை வெறுங்கையால் தட்டிவிட்டாள்.

ஒரு பூனை வந்துதான் என் அப்பாவுக்கு என்மேல் பாசம் வரவேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டு, அன்று சந்தோஷமாகத் தூங்கினேன். அதுவரைக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் முனையில் நின்று அவர் கத்தியதும் அதே பாசம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.