ஏழு பன்றி கொடுத்துக் கொண்டுவந்த ஒன்பது

முட்டைக்கோஸ் ஒன்று பறந்து போகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்று. தரையில் குவித்திருப்பதைக் குனிந்தபடியே எடுத்து, நிமிராமல், இடுப்பை மட்டும் திருப்பி லாரிக்கு வீசுகிறாள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. லாரியின் மேல் நிற்கும் என் தம்பி ஜெரால்ட் ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்துப் பிடிக்கிறான்.

"மெதுவாடி! நெஞ்செலும்பு போயிடும்!"

"பிடிக்கத் தெரியாட்டி இறங்குங்க. மதினி ஏறட்டும்."

எங்கள் மலைநாட்டுக் கோரோக்கா ஊர்ச் சந்தைக்குக் காய் வாங்க வந்தவர்கள் காயை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்காது. ஆனாலும் பார்க்கிறேன்.

மதினி என்றது என்னைத்தான். நான் டெரிசா ஒமே, அவள் புருஷனுடைய அக்கா. அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன். கோபத்தால் இல்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு விஷயம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தால் உறவானவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், ஒவ்வொரு தடவைக்கும் அவர்களுக்கு ஒரு கோழி கொடுக்க வேண்டும், உயிரோடு, ஊரார் முன்னால். எழுதவும் கை வராது. எங்கள் மகளிர் ரக்பி லீக் அணியில் அவள் ஒன்பதாம் எண். அதனால் எனக்கு அவள் வெறும் ஒன்பது.

இரண்டு வருஷம் முன்பு வரை அந்தச் சட்டையைப் போட்டது நான். பிடிபட்டு விழுந்தவள் எழுந்து காலால் பின்னே உருட்டிவிடும் பந்தை, ஒன்பதுதான் குனிந்து எடுத்து வீச வேண்டும். யாருக்கு வீசுவது என்பதும் அவள் இஷ்டம். அடுப்படியில் கரண்டி பிடித்தவள் மாதிரி, அவள் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பந்து. முட்டியில் அடிபட்டு நான் உட்கார்ந்த மாதம்தான் இவள் மருமகளாக வந்தாள். "சும்மா ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கட்டுமே," என்றார் கோச். அதோடு சரி. இப்போது நான் மைக்கைப் பிடித்து ஆட்டத்தை வர்ணிக்கிறேன், ஆட்டக்காரர் பட்டியல் எழுதுகிறேன். பெயருக்குப் பதினாலாம் எண், மாற்று ஆள். இவளுக்குப் பரிசமாக நாங்கள் கொடுத்தது ஏழு பன்றி. அதில் கறுப்புப் பன்றி நான் வளர்த்தது. என் பன்றியைக் கொடுத்து என் இடத்துக்கே ஆள் பிடித்து வந்திருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல!

குறையே இல்லாதவளா என்றால் அதுவும் இல்லை. கிழங்கை அரைவேக்காட்டில் இறக்குவாள். புருஷன் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தன் பூட்ஸைத் தேய்த்துவிட்டு, கழுவி அதே இடத்தில் வைப்பாள். என் தம்பிக்கு இன்று வரை தெரியாது. பாக்கை மென்று சிவந்த வாயோடுதான் மைதானத்தில் இறங்குவாள். எதற்கெடுத்தாலும் ஒரே பேச்சு: "இன்னும் அஞ்சு இருக்கு." பந்து வைத்திருக்கும் அணி ஆறு தடவை பிடிபடலாம்; ஒரு தடவை விழுந்தால் ஐந்து பாக்கி. லாரி சேற்றில் புதைந்தாலும் அதைத்தான் சொல்வாள், அடுப்பு அணைந்தாலும் அதைத்தான் சொல்வாள். என் முட்டிக்குப் பச்சிலை வைத்துக் கட்டியபோதும், "எதுக்கு அழறீங்க மதினி? இன்னும் அஞ்சு இருக்கு," என்றாள். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

ஆனால் பந்து அவள் கையை விட்டு நழுவி நான் பார்த்ததில்லை. நழுவாதா என்று இரண்டு வருஷமாக மைக்கின் பின்னால் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

போன மாதம் தேசிய அணிக்கு ஆள் எடுக்கத் தலைநகரிலிருந்து நீலத்தொப்பி போட்ட ஒரு அம்மா வந்தாள். பட்டியலில் ஒன்பதுக்கு எதிரே நான் எப்போதும் இடம் விட்டுவிடுவேன். கோச் வெளியூர்க்காரர், அவருக்குத் தடை கிடையாது, பிறகு அவர் நிரப்புவார். அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டார். நீலத்தொப்பி அம்மா கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறாள், "அந்த ஒன்பது யாரு?" என்று. அங்கே இருந்தது பூராவும் எங்கள் குலம். குலம் முழுவதற்கும் அவள் மருமகள். "ஒமே வீட்டுப் பொண்ணு," என்பதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் ஒமே என்று இருந்ததோ ஒரே ஒரு பெயர். பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டுக் கடிதம் எனக்கு வந்தது!

மூன்று நாள் அதைப் பின்னல் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். முட்டி இப்போது சரியாகத்தான் இருக்கிறது. வயது இருபத்தொன்பது, அடுத்த தடவை என்று எனக்கு ஒன்று கிடையாது. சேறு பூசினால் எல்லா முகமும் ஒரே முகம், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

நாலாம் நாள் அவளே வந்தாள். "கடிதாசி வந்துச்சாமே மதினி?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. அவர்கூட அழுதுட்டாரு, அக்காவுக்கு வந்துடுச்சேன்னு சந்தோஷத்துல."

அது உனக்கு வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் வீட்டுக்குள் போய்த் தன் பூட்ஸை எடுத்து வந்தாள்.

"உங்களுது அடி பிஞ்சு கெடக்கு. இத போட்டுட்டுப் போங்க. ரெண்டு பேருக்கும் ஒரே காலுதான்."

கடிதம் அவள் பெயருக்கு வந்திருந்தால், நான் வயிறெரிந்தே செத்திருப்பேன். இவளுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை. அதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டாளே என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீலத்தொப்பி அம்மா முகாமுக்கான இறுதிப் பட்டியலோடு மறுபடி வந்தாள். நேராக மைக் மேஜைக்கு வந்து, "டெரிசா ஒமே எங்க? கையெழுத்து வேணும்," என்றாள். மைதானத்தில் ஒன்பது வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் என் காலில் இருந்தது. மூன்று பேர் அவள் மேல் விழுந்து அமுக்கினார்கள். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது: "அமுக்குங்கடி, இன்னும் அஞ்சு இருக்கு!"

"நான்தான் டெரிசா," என்றேன்.

அந்த அம்மா என்னையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அந்த ஒன்பது யாரு?"

மேஜையைச் சுற்றி நின்ற சித்தப்பாக்கள் எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். 'அவ மாத்து ஆள்' என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பேனா என் கையில் இருந்தது. பூட்ஸுக்குள் கால் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

"ஒன்பதாம் நம்பர், நோலின்! நோலின் ஒமே! கெரெங்கா ஊரு மக நோலின்!"

இதை இங்கே எழுதியதற்கும் கோழி ஆகும், ஆகட்டும். சித்தப்பா ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அடிப் பாவி, மைக்குலயா சொல்லுவ!" என்றார். அவள் அப்போதுதான் பந்தை எடுத்து நிமிர்ந்திருந்தாள். பந்து அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம், ஏன் மறைக்க வேண்டும்?

எதிரணிக்காரி பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். இவள் துரத்தவில்லை. சேற்றில் நின்றபடி மைக் மேஜையையே பார்த்தாள். பிறகு கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, முழங்கைகளைக் கோழி மாதிரி படபடவென்று அடித்து, எனக்கு நேராக மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.