ஞானம்பிகையின் எட்டுச் செலவு

ஞானம்பிகைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவரைத் தகனம் செய்து ஐந்தாம் நாள் பின்னேரம், பாலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் அவர் வந்த நாள்முதல் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில், குசினி மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தபோதுதான் இது வெளிப்பட்டது.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மீனோ இறைச்சியோ எதுவானாலும், சமைத்து இலையில் படைக்க வேண்டும். பிறகு அவர் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், பாலெர்மோவிலும் அப்படித்தான். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள தமிழ்க் கடையில் மகன் விதுரன் வாழையிலைக்குச் சொல்லிவிட்டான். இலையில் என்ன வைப்பது என்பதுதான் மிச்சம்.

விதுரன் உணவகங்களின் குளிர் அறைகளைத் திருத்துபவன். ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிக்கொண்டு போனால் எந்தப் பிழையும் பிடிபடும் என்பது தொழில் அவனுக்குத் தந்த நம்பிக்கை. அம்மா செத்ததிலிருந்து அவனுக்கு அழுகை வரவில்லை. செய்வதற்கு ஏதாவது வேலை வேண்டும்போல இருந்தது. இது வேலை.

"அக்காவுக்கு ஆட்டு இரத்த வறை எண்டா உயிர்," என்று தொடங்கினார் மாமா நகுலேஸ்வரன். ஞானம்பிகையின் ஒரே தம்பி.

"விசர்க்கதை கதையாதையுங்கோ மாமா. அம்மாவுக்குப் பால்க்கொழுக்கட்டைதான் விருப்பம்," என்றாள் தங்கை சயந்தினி.

"அது உனக்கெல்லே விருப்பம்! உன்ரை பிறந்தநாளுக்கு எண்டுதானே அவிக்கிறவ."

"அப்ப இரத்த வறை ஆருக்காம்? நீங்கள் வாற அண்டைக்கு மட்டும்தான் இந்த வீட்டிலை அந்த மணம்."

"நோ! அம்மம்மாவுக்கு பிஸ்தாக்கியோ ஜெலாத்தோ! செம்ப்ரே பிஸ்தாக்கியோ!" என்று மேசைக்குக் கீழே இருந்து கத்தினாள் சயந்தினியின் சின்ன மகள். எப்போதும் பிஸ்தாதானாம். கையில் பிஸ்தா ஐஸ்கிரீம் இல்லாமல் வீட்டுக்கு வராதவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புட்டும் மாம்பழமும் என்று சொல்ல வாயெடுத்த விதுரன், சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான். அது அவனுக்குப் பிடித்தது.

அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆட்களில் இல்லை, அம்மாவில். எல்லோருக்கும் போட்டுக்கொடுத்துவிட்டு, "எனக்கு உது பிடிக்காது, நீங்கள் தின்னுங்கோ," என்பார். நண்டுக் கால் பிடிக்காது. பொரித்த முட்டை பிடிக்காது. மாம்பழத்தில் சதைப் பக்கம் பிடிக்காது, கொட்டை போதும். சின்ன வயதில் விதுரன் அதையெல்லாம் உண்மை என்றே எடுத்துக்கொண்டான். இப்போது கூட்டிப் பார்த்தால் எதுவுமே பிடிக்காத ஒரு மனுசி மிஞ்சுகிறார். அப்படி ஒருவர் உலகத்தில் இருக்க முடியாது.

அதுவும் அவர் வாயில்லாப் பூச்சி இல்லை. புருசன் செத்தபோது பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. இரண்டு வீடுகளில் வேலை செய்து வளர்த்தார். பல்லாரோ சந்தையில் அவர் தூரத்தில் வருவதைக் கண்டால் தக்காளிக்காரன் அழுகியதை எடுத்து ஒளிப்பான். வேலை செய்த வீட்டு சின்யோரா முதல் நாளே "ஜானா" என்று சுருக்கிக் கூப்பிட, இவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஞானம்பிகை" என்று முழுதாகச் சொல்லும்வரை அவர் காதில் எதுவும் விழவில்லை. சின்யோரா கடைசியில் சொல்லப் பழகினார். ஞாயிறு தவறாமல் மலையேறி ஊர்க்காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு, நெற்றியில் திருநீற்றோடு இறங்கி வருவார். யாராவது என்ன இது என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியும்," என்பார். தனக்கு வேண்டியதை வாங்கத் தெரிந்த மனுசி. சாப்பாட்டில் மட்டும் ஏன் இந்தப் பொய்?

மறுநாள் மலரன்ரி வந்தார். மன்னாரைச் சேர்ந்த அற்புதமலர், அம்மாவோடு வருடக்கணக்கில் ஒன்றாக வேலைக்குப் போன சினேகிதி. தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே விதுரன் அவரிடமும் கேட்டான்.

"ஞானமக்காவுக்கோ? ரிச்சி," என்றார் மலரன்ரி, யோசிக்காமல்.

ரிச்சி கடலில் கல்லோடு ஒட்டிக்கிடக்கும் கறுத்த முள் உருண்டை. நடுவில் வெட்டினால் உள்ளே செம்மஞ்சளாகக் கொஞ்சம் முட்டை இருக்கும். அதைப் பச்சையாகவே பாண் துண்டால் வழித்துச் சாப்பிடுவார்கள்.

"பச்சையாவோ?" என்றார் மாமா. "எங்கடை அக்காவோ?"

"ஓம் அண்ணை. சின்யோராவின்ரை கடற்கரை வீடு ஸ்ஃபெர்ராகவால்லோவிலை. வியாழக்கிழமையிலை நாங்கள்தான் கூட்டித் துடைக்கிறது. வேலை முடிய நேரே கடலடிக்குப் போயிடுவம். கல்லிலை ஏறி இருந்து, அங்கை பெப்பே எண்டொராள் வெட்டித் தரத் தர, அவ வழிச்சு வழிச்சுத் தின்னுவா. சிரிக்கிற சத்தம் றோட்டுக்குக் கேக்கும்."

விதுரனுக்கு வியாழக்கிழமைகள் ஞாபகம் வந்தன. அம்மா இருட்டித்தான் வருவார். பஸ் பிந்திப்போச்சு என்பார். பாவம் அம்மா என்று பிள்ளைகள் பஸ்காரனைத் திட்டுவார்கள்.

"வீட்டை ஒருநாளும் கொண்டு வரேல்லையே அன்ரி," என்றாள் சயந்தினி.

"நானும் கேட்டனான் பிள்ளை. 'வீட்டை கொண்டுபோனா எனக்கு மிஞ்சாது மலர், இஞ்சையே திண்டிட்டுப் போவம்' எண்டுவா."

பிறகு மாமா தொண்டையைச் செருமினார். "உந்தச் சாமானை இலையிலை வைச்சா சனம் சிரிக்கும் தம்பி."

"சிரிக்கட்டும்," என்று விதுரன் வேலைக்கு ஓட்டும் வானின் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் அவனுக்குத் தெரியாத சமையலறை இல்லை. பெப்பே யார் என்று கேட்கவும் தேவைப்படவில்லை. கடற்கரை ஓரத்து உணவகம் ஒன்றின் வாசலில் எப்போதும் கதிரை போட்டு இருக்கும் கிழவர், முதலாளியின் தகப்பன். அவரைத் தாண்டித்தான் விதுரன் எத்தனையோ தடவை கருவிப் பெட்டியோடு உள்ளே போயிருக்கிறான். வணக்கம் சொன்னதற்கு மேல் கதைத்ததில்லை.

கைபேசியில் அம்மாவின் படத்தைக் காட்டினான்.

கிழவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் விரிந்தது. "இவரா? நான் வெட்டிக் கொடுப்பதில் பாதியை, உள்ளே வெறும் தண்ணீர் என்று தூக்கிக் கடலில் எறிவார். பிறகு அதற்கும் சேர்த்து வேறு கேட்பார். என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்வார், கள்ளா, கள்ளா என்று. அதற்கு என்ன அர்த்தம்?"

"திருடன்," என்றான் விதுரன்.

கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நான் இத்தனை காலமும் அன்பான சொல் என்று நினைத்திருந்தேன்!" பிறகு விதுரனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். விதுரன் விஷயத்தைச் சொன்னான். நாளை மறுநாள் இலையில் வைக்க ரிச்சி வேண்டும்.

கிழவர் தலையை ஆட்டினார். மே, யூன் இரண்டு மாதமும் ரிச்சி பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். யூலையில் வா என்றார்.

"யூலையில் வந்து என்ன செய்ய?"

"கடலுக்குச் செத்த வீடு தெரியுமா, மகனே?"

இன்னும் நான்கு இடங்களில் விதுரன் கேட்டான். அவன் திருத்திக் கொடுத்த குளிர் அறைகளைத் திறந்து காட்டினார்கள். கணவாய் இருந்தது, இறால் இருந்தது. ரிச்சி இல்லை. ஒருவன் மட்டும், உறையவைத்த முட்டை போத்தலில் இருக்கிறது, வேண்டுமா என்றான். அம்மா அதை எவ்வளவு தூரத்துக்கு எறிந்திருப்பார் என்று விதுரனுக்குத் தெரிந்தது.

வானுக்குள் இருந்து கணக்குப் பார்த்தான். அம்மா செத்தது மே மாதக் கடைசியில். திதி எப்படி முன்பின்னாக வந்தாலும் ஒவ்வொரு வருடத் திவசமும் மேயில் அல்லது யூனில்தான் விழும். ஒவ்வொரு வருடமும் தடைக்காலம். ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான். ஏனம்மா, ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? பத்து வருடமாக இந்தத் தெருவில் என் வான் நிற்கிறது, ஒருநாள் ஏறி வந்திருக்கக் கூடாதா? ஹோர்ன் அலறியது. நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் மத்தியானம் முன்னறையில் அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சோறு, மரக்கறிகள், இரத்த வறை, பால்க்கொழுக்கட்டை. சின்னவள் அழுது அடம்பிடித்துக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வைத்தாள். கேட்காமலே சயந்தினி புட்டும் மாம்பழமும் வைத்திருந்தாள். மாமா தேவாரம் பாடினார். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் மாடிப்படியில் வந்து நின்றார்கள்.

கீழே சந்தைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். விதுரன் சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே அம்மா இலைக்கு முன்னால் இருப்பதாக நினைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இது தம்பிக்கு, இது மகளுக்கு, இது மகனுக்கு, இது பேத்திக்கு. செத்த பிறகும் மற்றவர்களின் சாப்பாடு.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

"டேய், டேய்! இடையிலை திறக்கக் கூடாதடா!" மாமா பதறினார்.

விதுரன் புட்டையும் மாம்பழத்தையும் அள்ளித் தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். "இது என்ரை. அம்மான்ரை இல்லை."

சயந்தினி அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கொழுக்கட்டைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். பின்னால் ஓடிப்போன சின்னவள் உருகிய ஐஸ்கிரீமைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா அசையவில்லை.

"எடுங்கோ மாமா," என்றான் விதுரன். "உங்கடைதானே."

"வறையை விடு தம்பி."

"ஏன்?"

"அது அவ திண்டவ. நான் கண்டனான்." மாமா படிக்கட்டில் குந்தினார். "சின்னனிலை எனக்குத்தான் முழுக்கப் போடுறவ. எனக்கு மணமே பிடிக்காது எண்டுவா. ஒருநாள் கை கழுவப் போன நான் யன்னலாலை பாக்கிறன், சட்டிக்கை சோத்தைக் கொட்டி, பிரட்டிப் பிரட்டித் தின்னுறா. கண்ணை மூடிக்கொண்டு."

"பேந்து நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டிருந்தால் அடுத்தமுறை சட்டியையும் வழிச்சு எனக்கெல்லே தந்திருப்பா. அதுதான் வாயே திறக்கேல்லை."

விதுரன் கையிலிருந்த தட்டைப் படியில் வைத்தான். உள்ளே போய், இலையில் ஓரமாக இருந்த வறையைச் சோற்றுக்குக் கிட்ட நகர்த்தினான். வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"இனி எவ்வளவு நேரம் விடுறது அண்ணா?" என்று சயந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தரும் திறக்கக் கூடாது," என்றான். கோபம் இன்னும் குரலில் இருந்தது. "ஆறுதலாத் தின்னட்டும்."