கண்ணாடியில் ஒட்டிய எட்டுப் படங்கள்

சென்னையில் நான் புகைப்படம் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் வருஷம், எங்கள் வாத்தியார் விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்தனுப்பினார். பத்து மனிதர்களைப் படம் எடுத்து வர வேண்டும். ஒன்றில்கூட முகம் தெரியக் கூடாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிய வேண்டும். வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். பையன்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு முகத்தை ஒழுங்காக எடுக்கக் கற்றுக்கொள்ளவே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் முகமே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? கல்லூரி கேமராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடியே பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கொஞ்சம் கரும்பு, ஒரு ஓட்டு வீடு, அப்பா, அம்மா, அண்ணன். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தவன். அந்த வருஷம்தான் அவனுக்கு ஒரு அரசாங்க வேலைக்கு இன்டர்வியூ வந்தது. தேறியும் விட்டான். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. 'இவன் மேல் கேஸ் எதுவும் இல்லை' என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு தாள் போனால் வேலை. சின்னதாக ஒரு கேஸ் இருந்தாலும் ஆறு வருஷமும் பாழ். அம்மா அந்தத் தாளுக்காக மூன்று கோவிலில் வேண்டிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு ஏட்டையா ஒருவர் வீட்டுக்கே வந்தார். அவர் வந்தபோது அண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடு கழுவிக்கொண்டிருந்தான். அவர் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். டீ குடித்தார். அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசினார். நல்லபடியாக எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் கடையில் நின்றாலும் அதே பேச்சு. எனக்கோ என் பத்துப் படங்கள்தான் கவலை. கண்டக்டர் ஒருவரின் விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகியிருந்த நோட்டுகளை எடுத்தேன். கரும்பு வெட்டுகிற ஒரு அம்மாளின் பாதங்களை எடுத்தேன். எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் கல்வராயன் மலைக்குப் போனேன். வெள்ளிமலை ரோட்டோரம் ஒருவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். படம் எடுக்கட்டுமா என்று கேட்டதும் கோடாலியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, சட்டை மாட்டி, தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். "திரும்பி நில்லுங்க, முதுகு மட்டும் போதும்" என்றேன்.

"மூஞ்சி வேணாங்களா?"

"வேணாங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபிலிமை வீணாக்க மனசு வரவில்லை. முதுகையும் கோடாலியையும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பங்கைக் கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. பஸ் நின்றது. பேப்பர் வரவில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்பதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் கோடாலியை எடுத்தான். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேலை கைக்கு வர்ற நேரத்துல இன்னாடா இது?"

"ஆறு வருஷம் கார்டு வெச்சிகினு உக்காந்திருந்தேன். நாளைக்கு எம் புள்ளையும் அப்டியே உக்காந்திருக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனான்.

நான் கேமராவோடு பின்னாலேயே போனேன். மரம் விழுந்ததும் ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். அண்ணன் மட்டும் அடிமரத்தின் மேல் ஏறி, கோடாலியைத் தோளில் சாத்திக்கொண்டு, போலீஸ் வேன் வருகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேமரா வழியாகப் பார்த்தபோது, அதுவரை எடுத்ததெல்லாம் குப்பை என்று தெரிந்துவிட்டது. அழுத்தினேன். சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"ஏய், என்னை இன்னாத்துக்கு எடுக்கற?"

"மூஞ்சி விழலண்ணா. முதுகுதான். எவனுக்குத் தெரியப்போவுது?"

அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

மறியல் முடிந்ததும் போலீஸ் ஊர் ஊராக வந்தது. மரம் வெட்டியவர்கள் யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஆண்கள் கரும்புக் கொல்லைகளில் பதுங்கினார்கள். அண்ணன் களமருதூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான். எனக்குக் கல்லூரி திறக்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. படங்களைப் பிரிண்ட் போட்டே ஆக வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் தெரிந்த ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்த ஸ்டுடியோக்காரர்தான் போலீசுக்கும் படம் எடுத்துத் தருகிறவர். லாரி மோதினாலும், கிணற்றில் பிணம் மிதந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். முகம் இல்லாத படத்தை வைத்து யார் என்ன செய்துவிட முடியும் என்ற திமிர்.

எட்டுப் படங்கள் தேறின. அண்ணன் படத்தில் தார் ரோடு தெரியாதபடி ஓரத்தை வெட்டி, மரத்தையும் அவனையும் மட்டும் பெரிதாக்கினேன். எங்கள் வகுப்பு வழக்கப்படி ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் நம்பரும் இடமும் எழுதினேன். ஏழாவது அண்ணன். அதில் மட்டும் இடம் எழுதவில்லை. எட்டாவது மலைக்காரர். அதில் 'வெள்ளிமலை' என்று எழுதினேன்.

பிரிண்ட் போட்டு முடித்துக் கழுவிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. பளபளப்பு ஏற்றுகிற மெஷின் வேலை செய்யாது. அந்த மாதிரி நேரத்தில் ஸ்டுடியோக்களில் ஒரு வழி உண்டு. ஈரப் படத்தை, படம் உள்ள பக்கம் கண்ணாடியில் படும்படி ஒட்டி, ரோலரால் அழுத்தி விட்டுவிடுவார்கள். காய்ந்ததும் படம் தானாகவே பட்டென்று கழன்று விழும். பளபளவென்று இருக்கும். அவசரப்பட்டு உரித்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். படம் எடுக்க வருகிறவர்கள் பவுடர் போட்டுத் தலை வாருகிற பெரிய கண்ணாடி அங்கே இருந்தது. அதில் எட்டையும் ஒட்டினேன். வெளியே தெரிந்தது பென்சில் எழுத்தோடு எட்டு வெள்ளைச் சதுரங்கள் மட்டுமே.

அப்போதுதான் அந்த ஏட்டையா வந்தார். மறியல் படங்கள் ரெடியா என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் ஓரம் கத்தரித்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டு நேராகக் கண்ணாடி முன்னால் வந்து சீப்பை எடுத்தார். வெள்ளைச் சதுரங்களுக்கு இடையில் குனிந்து குனிந்து தன் முகத்தைத் தேடி வாரினார்.

"கரும்புக்காரர் பொண்ணுதானே நீ? அண்ணன் எங்கம்மா?"

"சித்தப்பா வூட்டுக்குப் போயிருக்குதுங்க."

முதல் படம் விழுந்தது. கண்டக்டரின் விரல்கள். அவர் எடுத்துப் பார்த்து, சிரித்து, மேசையில் வைத்தார். அண்ணன் படம் வலது ஓரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே வெயில் விழுந்தது. அதன் மூலை ஏற்கனவே சுருண்டிருந்தது. உரித்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடினால் அப்போதே மாட்டிக்கொள்வேன். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே கத்தரி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஸ்டுடியோக்காரர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு படத்தை வெட்ட இவ்வளவு நேரமா?

மூலை இன்னும் சுருண்டது. பட்டென்று சத்தம். படம் என் காலடியில் விழுந்தது. நான் குனிவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பினார். பின்னால் ஏழு என்று மட்டும் இருந்தது. எட்டாவது படமும் கழன்று பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தானே மெல்ல எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு முதுகுகள், இரண்டு கோடாலிகள்.

ஏழாவதைக் காட்டி, "இது எங்க எடுத்தது?" என்றார்.

"மலையிலங்க."

"ரெண்டும் ஒரே ஆளா?"

இரண்டாவது பொய்க்கு நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. தலையை ஆட்டினேன். அது போதுமாக இருந்தது. அவர் இரண்டு படங்களையும் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, தன் படங்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் தப்பித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு முதுகை வைத்து மலையில் யாரைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இப்படி நினைத்துக்கொண்டே அந்தப் படத்தின் பின்னால் என் கையாலேயே ஊர் எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதுகூடப் பொய். நினைக்காமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் கல்லூரிக்குப் புறப்பட டிக்கெட் விசாரிக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். "மலையில இருந்து ஒரு ஆள மரம் வெட்டினான்னு புடிச்சாந்துட்டாங்க. உன் படத்துல இருந்த ஆளாம்" என்றார். பையில் அண்ணன் படத்தின் நெகட்டிவ் இருந்தது. அதில் ஓரம் வெட்டாத முழுப் படம். தார் ரோடு, மைல் கல் எல்லாம் தெரியும். மலையில் எடுத்தது இல்லை என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். அதைக் கொடுத்தால் அண்ணன் வேலை போய்விடும். கொடுக்காவிட்டால் அந்த மனிதர் உள்ளே போவார். கடைத்தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு, அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குப் போனேன்.

வராந்தாவில் அந்த மலைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். படத்துக்காகப் போட்ட அதே சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அம்மா, நீங்களா? எதுக்குக் கூட்டியாந்தாங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க. நீங்க படிச்சவங்க. கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஏட்டையா மேசையில் நெகட்டிவை வைத்தேன். "ஏழாவது படம் எங்க அண்ணங்க. மலையில எடுக்கல. நான் பொய் சொல்லிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் நெகட்டிவைத் தொடவே இல்லை.

"தெரியும்மா."

"தெரியுங்களா?"

"இருவது வருஷமா ஓடுறவன் முதுகத்தான் பாத்துகினு இருக்கேன். உங்க வூட்டுல மாடு கழுவிகினு இருந்தானே, அந்தத் தோள எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்தினார். "உங்கண்ணன் நல்லவன்னு எழுதி, தாள் போயிடுச்சி. இப்ப மாத்தி எழுதினா என் வேலை போயிடும். அவனப் புடிச்சா நாளைக்கு உங்க ஊரே வந்து இங்க உக்காரும். மேல இருந்து தினம் ஆள் கேக்கறாங்க. மலைக்காரனப் புடிச்சா கேக்க யார் வருவா? இதோ, நீ ஒருத்திதான் வந்திருக்க."

நெகட்டிவை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "எடுத்துகினு போ. நீ வரவே இல்ல."

அங்கே நான் கத்தியிருக்க வேண்டும். கோபம் மூக்கு நுனியில் நிற்கிறவள் என்று ஊரில் எனக்குப் பேர். வாத்தியாரோடு சண்டை போட்டிருக்கிறேன், கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. 'தாள் போயிடுச்சி' என்று அவர் சொன்ன இடத்திலேயே என் காது நின்றுவிட்டது. எனக்கு வந்தது நிம்மதி. நெகட்டிவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

முகத்தை நீக்கிவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். தெரிந்தவர்களுக்கு முதுகே போதும். தெரிய வேண்டாம் என்று முடிவு கட்டியவர்களுக்கு எந்த முதுகும் போதும். அந்த மனிதர் முகத்தைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றபோது திரும்பி நிற்கச் சொன்னது நான்.

வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்று, கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கேட்டீங்களாம்மா? இன்னா சொன்னாங்க?"

"கேட்டேங்க. சும்மா விசாரணைதானாம். சீக்கிரம் விட்டுடுவாங்களாம்."

"நல்லதும்மா" என்றார். என்னைக் கும்பிட்டார்.

வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு இருக்கும். தாள் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே இலை போட்டாள். எனக்கு நல்ல பசி. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.