அக்கா இழுக்காத ஹேண்ட் பிரேக்

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், முதலியார்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் சிமென்ட் முற்றத்தில், அக்கா அந்தச் சின்னக் காரின் பின்பக்கத்தைச் சுழற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கார் விற்கும் கடை ஒன்றில், வாங்க வருபவர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்டும் வேலை அவளுக்கு. முன்சக்கரம் இழுக்கிற வண்டி டிரிஃப்ட் ஆகவே ஆகாது, பின்பக்கம் வழுக்கித் திரும்பாது என்று கூட வேலை பார்த்த ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் அவளைக் கட்டிக்கொண்டவரும் அவர்தான். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. எஞ்சினின் பலம் முன்சக்கரங்களுக்கே போவதால், ஆக்சிலேட்டரை மிதித்துப் பின்பக்கத்தை வழுக்கவிட முடியாது. அக்கா வேகமாக வந்து, வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்து, சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாள். பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசானது. அப்போது ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்ததும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ஈரத்தில் சறுக்கின.

"இது கொஞ்ச நேரந்தான் சறுக்கும். அப்ப கால் பிரேக்க மட்டும் தொடக்கூடாது. பின்னாடி போற பக்கமே ஸ்டியரிங்க திருப்பி ஆக்சிலேட்டர் குடுத்தா, முன்சக்கரம் இழுத்து நேராக்கிடும்" என்றாள். மாமா அந்தக் கதையை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு, மருமகள் ஓட்டி மகன் பக்கத்தில் உட்காருவது அவருடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் குடும்பமாகப் போகும்போது மாமாவே ஓட்டினார்.

ஓர் ஐப்பசி மழையில் கடலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பின்னால் இருந்தேன். அக்கா முன்னால், மடியில் தூங்கிய மகளை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். வளைவில் எதிரே லாரி எங்கள் பக்கம் ஏறி வர, மாமா ஸ்டியரிங்கை ஒடித்துப் பிரேக்கை மிதித்தார். பின்பக்கம் வழுக்கியது. "பிரேக்க விடுங்க, விடுங்க" என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. பயத்தில் அவர் கால் இன்னும் அழுத்தியது. வண்டி சுழன்று, அவர் பக்கக் கதவு புளியமரத்தில் மோதி நின்றது. மாமா அங்கேயே போய்விட்டார்.

கருவடிக்குப்பம் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் பேச்சு பரவிவிட்டது. வித்தை தெரிந்தவள், அவள்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருப்பாள் என்றார்கள். மாமா பெருமையாகச் சொன்ன கதையே சாட்சியாகிவிட்டது. அவள் கைகள் குழந்தையின்மேல் இருந்தன என்று போலீசிடமும் உறவுக்காரர்களிடமும் சொன்னேன். "தம்பிக்காரன் வேற என்னா சொல்லுவான்" என்று அக்காவின் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மகளோடு, சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலையை மட்டும் விடவில்லை.

சில வருடம் கழித்து மாமியாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிசுக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே அக்கா வண்டியோடு போய் நின்றாள். துணைக்கு நானும் முன்சீட்டில் போவேன். ஒருநாள் மதியம் திரும்பும் வழியில் மாமியார் பின்னாலிருந்து கேட்டார்.

"அன்னிக்கி நீ இழுத்தியா?"

"இல்ல அத்தை."

"அப்ப எம்புள்ளதான் தப்பா மிதிச்சிட்டானா?"

நான் வாய் திறக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"மழை அத்தை. ரோடு வழுக்கிடுச்சி. யாரு ஓட்டியிருந்தாலும் அதான் நடந்திருக்கும்."

மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றுதான் அவர் அக்காவின் தோளைத் தொட்டது.

மாமியார் இறந்தும் பல காலம் ஆகிறது. ஸ்டியரிங் அக்கா கையில் இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் யார் கேட்டாலும் மழைதான் என்கிறாள், என்னிடம்கூட.