ஒன்பதாம் பட்டன்

எங்கள் கட்டடத்து லிஃப்டக்காவிடம் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் நேரான பதில் வராது. "பெரியவ ஒம்பதைத் தாண்டிட்டா. சின்னவன்தான் ஆறுலயே நிக்கிறான்" என்பாள். கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். அவள் சொல்வது வயதை அல்ல, பிள்ளையின் விரல் எட்டும் லிஃப்ட் பட்டனை.

பழைய லிஃப்ட் அது. கையால் இழுத்துச் சாத்தும் இரும்புக் கிராதிக் கதவு. அது திறந்திருந்தால் என்ன அழுத்தினாலும் நகராது. உள்ளே சுவரோரம் ஒரு மர ஸ்டூல், அதன் பக்கத்தில் கீழிருந்து மேலாக வரிசையாகப் பட்டன்கள். தரைத்தளம் எல்லாவற்றுக்கும் அடியில், ஒன்பது எல்லாவற்றுக்கும் மேலே. அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பெட்டிக்குள்தான் வளர்ந்தார்கள். நான் ஐந்தாம் மாடி அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். பத்து வருஷமாக ஏறி இறங்கியதில், அந்த வளர்ச்சியில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

பெரியவள் இரண்டு வயதில் தரைத்தளப் பட்டனுக்கு முத்தம் கொடுத்தாள். மூன்று வயதில் இரண்டாம் பட்டனைத் தொட்டாள். நான்காம் பட்டனைத் தொட்ட அன்று அக்கா லிஃப்டை நிறுத்திவிட்டு ஒன்பது மாடிக்கும் மிட்டாய் கொடுத்தாள். அன்று படியேறி வந்த எங்கள் மேலாளர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டார். என்ன கோபித்து என்ன செய்வது?

மதியம் மூன்று மணிக்கு மேல் லிஃப்டில் கூட்டம் இருக்காது. மேல் ஜன்னல்களிலிருந்து வெயில் கிராதி வழியாக உள்ளே விழும். மாடிக்கு ஒரு துண்டு வெளிச்சம், பிறகு இருட்டு, மறுபடி வெளிச்சம். பெட்டி மெல்ல முனகிக்கொண்டு மேலே போகும். அக்கா பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். "டைப்பம்மா, கண்ணை மூடித் திறந்தா ஒரு விரக்கடை வளந்துடுதுங்க. அதான் நான் கண்ணை மூடுறதே இல்ல" என்பாள். எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருக்கும், ஆனால் அது தூக்கம் இல்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் அப்படி ஆகிவிடும்.

ஒன்பதைத் தொட்டால் வீட்டுச் சாவி. இது அக்கா வைத்த பரிசு. பெரியவள் ஏழு வயதில் ஒன்பதைத் தொட்டாள், கயிற்றில் கோத்த சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குத் தானே போய்விடுகிறாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு கண் வைத்துக்கொள்கிறாள். அந்தப் பெருமையில் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சின்னவனுக்கு நாங்கள் வைத்த பேர் குண்டூசி. தலை மட்டும் பெரிது, உடம்பு நூல். அவனும் மளமளவென்று ஆறு வரை வந்தான். பிறகு நின்றுவிட்டான். ஏழு வயது முடிந்தது, ஆறுதான். மழைக்காலம் போய் வெயில் வந்தது, ஆறுதான். அக்கா தினம் இரண்டு முட்டை கொடுத்தாள். லிஃப்டின் கைப்பிடிக் கம்பியில் அவனைத் தொங்கவிட்டாள். கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். திரும்பி வந்தவளின் முகம் விழுந்து கிடந்தது.

"நல்லாத்தான் வளர்றான்னு சொல்றார் டைப்பம்மா. ஒரு வருஷத்துல ரெண்டரை அங்குலமாம். அந்த ஆள் டேப்பு சரியில்ல. பட்டன் பொய் சொல்லுமா?"

அன்று அவள் குரல் உடைந்திருந்தது. பிள்ளைக்கு ஏதோ குறை என்றுதான் அவள் மனசு அடித்துக்கொண்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு மதியம், அக்கா லிஃப்டை ஐந்தாம் மாடியில் நிறுத்தி, கிராதியைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எங்கள் அறைக்கு வந்தாள். குண்டூசி உள்ளே ஸ்டூலில் இருந்தான். நானும் கீழே போக வேண்டியிருந்ததால் அவளோடு நடந்தேன். வராந்தா திருப்பத்தில் அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

அவன் துணியை எடுத்துப் பட்டன்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். தினமும் அந்த நேரத்தில் அக்கா செய்யும் வேலை அது. அம்மா வந்தால் கொஞ்சம் உட்காரட்டும் என்று நினைத்தானோ என்னவோ. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக வாயால் ஊதி ஊதித் துடைத்தான். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதையும் நன்றாகச் சுற்றித் தேய்த்தான். குதிகால் தரையில்தான் இருந்தது.

அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனாள். நானும் ஏறினேன். "குண்டூசி, ஒம்பதை அழுத்துடா" என்றாள்.

அவன் முட்டியை மடக்கினான். அரை டிரவுசருக்குக் கீழே அது நன்றாகவே தெரிந்தது. பல்லைக் கடித்து, முக்கி முனகி, விரலை ஆறில் கொண்டுபோய் நிறுத்தினான். "முடியலம்மா."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஒம்பதைத் தொட்டா என்னடா ஆகும்?"

அவன் தரையைப் பார்த்தான். "சாவி குடுத்துடுவ. நானும் அக்கா மாதிரி வீட்டுக்குப் போயிடணும்."

"நல்லதுதானே?"

"நீ மட்டும் தனியா மேலயும் கீழயும் போயிட்டே இருப்பியே."

ஒரு வருஷமாக அக்கா பரிசு என்று நீட்டிக்கொண்டிருந்தது அவனுக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது. அவன் குட்டையானது அவளுக்காக.

"சாவி இருந்தாலும் இந்த ஸ்டூல் உன்னுதுதான்டா" என்றாள். "எத்தனை நாள் வேணும்னாலும் உக்காரு. ஆனா காலை நீட்டு."

அவன் அவள் முகத்தை நம்பலாமா என்று பார்த்தான். பிறகு மெதுவாக முட்டியை நிமிர்த்தினான். எங்கள் கண் முன்னால் நாலு விரல் உயர்ந்தான். அக்கா கிராதியைச் சாத்தினாள். அவன் கையைத் தூக்கி ஒன்பதை அழுத்தினான்.

நான் தரைத்தளத்துக்குப் போக வேண்டியவள். வாயைத் திறக்கவில்லை. வெளிச்சமும் இருட்டுமாக மாடிகள் எங்களைக் கடந்து கீழே போயின. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்பது வரும்வரை அவனையே தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணை மூடவே இல்லையேடா நான்," என்றாள், "எப்படா இவ்வளவு வளந்த?"