சிரட்டையில் விழுந்த பற்கள்

இதை எழுதப் பல வருஷங்களாக எனக்குக் கை வரவில்லை. இன்று தொட்டிலில் தூங்கும் பேத்தியின் கடைவாயில் எச்சில் வழிந்தது. “பல்லு மொளைக்குதுங்க மாமி,” என்றாள் மருமகள். எனக்கு அம்மாவின் வாயிலிருந்து வழிந்த எச்சில் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. இலங்கையில், யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தோம். அம்மாவின் உடம்பெல்லாம் பரவிய பறங்கிப்புண் நோய்க்கு வைத்தியர் பாதரசப் பொடி கொடுத்திருந்தார். அதைத் தின்றால் எச்சில் ஊறும்; அது விஷமென்று தெரியாமல், எச்சில் ஊற ஊற நோய் வெளியேறும் என்று எல்லோரும் நம்பினோம். அம்மா துப்புவதை, ரப்பர் பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டையில் நான் ஏந்துவேன்.

“நெறஞ்சிருச்சா புள்ள?” என்று கேட்டபடி அப்பா வேலைவிட்டு வருவார். நிறைந்திருந்தால் மாரியம்மனைக் கும்பிடுவார்.

ஐந்தாம் நாள் அம்மாவின் ஈறு வெந்து, நாக்குத் தடித்து, வாயில் துருப்பிடித்த இரும்பு நாற்றம் அடித்தது.

“போதும்டி. பல்லெல்லாம் ஆடுது, இனிக் குடுக்காத,” என்று குழறினாள்.

நோய் திரும்பிவிடுமே என்ற பயத்தில், மிச்சப் பொடியை அவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் கலந்து நானே ஊட்டினேன். மறுநாள் சிரட்டையில் எச்சிலோடு இரண்டு பற்கள் கிடந்தன.

மாரியாத்தா புண்ணியத்தில் அம்மா பிழைத்தாள். ஒரு பல்லும் மிஞ்சவில்லை. அதன்பிறகு நான் கொடுக்கும் கஞ்சியை, சாகும்வரை, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

இதைப் பிறருக்கும் சொல்லுங்கள். சின்னப்பிள்ளைதானே என்று என் தப்பைக் குறைக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.